மழையில் தங்கிய பிள்ளைகள்

டூசு மாரோங் தோளில் தராசும் கையில் குளிர்பெட்டியுமாக குடிசைகள் சேர்ந்த ஒரு வளவுக்குள் நுழைந்தால் பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். பெண்கள் ஓடுவதில்லை. அடுப்பிலிருந்த கம்பங்கூழை இறக்கி வைத்துவிட்டு, இடுப்புத்துணியைச் சரிசெய்துகொண்டு, பேசாமல் வந்து கையை நீட்டுவார்கள். காம்பியா ஆற்றுக்குத் தெற்கே வுலிங்குண்டா என்ற அந்த ஊருக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். ஆனாலும் ஊரில் எந்தப் பெண்ணுக்கு நரம்பு சீக்கிரம் கிடைக்கும், யாருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி.

ஊர் எல்லையில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. கல்யாணமான பெண்களை மாதாமாதம் எடை போட வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், என்ன சாப்பிட்டார்கள், தீட்டு எப்போது வந்தது, தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்க வேண்டும். பின்னால் பிறக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பதில் சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கும் அலுத்துவிட்டது.

"போன மாசம் தின்னதேதான் இந்த மாசமும் தின்னேன். வேற எதாவது கொண்டாந்து குடு, அடுத்த மாசம் மாத்திச் சொல்றேன்" என்பாள் பிலிஜே டிரம்மே.

பிலிஜே கன்யெலெங் கூட்டத்தின் தலைவி. பிள்ளை தங்காத பெண்களும், பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களும் சேர்ந்த கூட்டம் அது. கந்தலை உடுத்துவார்கள், சுரைக்குடுக்கைத் துண்டுகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள், பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே பச்சையாகப் பேசுவார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. இத்தனை கோமாளித்தனம் செய்கிறவளிடம் சாவு வந்து மல்லுக்கு நிற்காது என்று ஊருக்கு ஒரு நம்பிக்கை. பிலிஜே நான்கு பிள்ளைகளைப் புதைத்தவள்.

நிலக்கடலை அறுவடை முடிந்த கையோடு, ஊர்க்கூட்டம் போட்டு ஆராய்ச்சியின் முடிவைச் சொல்வது என்று நிலையத்தில் தீர்மானமானது. செய்தி பரவியதும் பிலிஜே குழாயடியில் டூசுவை மறித்தாள்.

"எத்தனை வருசமா உறிஞ்சினீங்க. இப்பவாச்சும் எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு சொல்வீங்களா, இல்ல அதையும் பஞ்சுல வெச்சுத் துடைச்சிருவீங்களா?"

"நாளைக்கு வந்து கேளுக்கா. தெரியும்."

"தெரியும்னு சொல்லிட்டே. தெரியலைன்னு மட்டும் அங்க நின்னு சொன்னே, உன் தராசுல உன்னையே தொங்க விட்டுருவேன்."

குழாயடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டூசுவும் சிரித்துவைத்தாள். ஆனால் குடத்தைத் தலையில் ஏற்றி நடக்கும்போது அந்தப் பேச்சு உள்ளே தைத்துக்கொண்டே வந்தது. நிலையத்துக்காரர்கள் ரத்தத்தைக் கொண்டுபோய் விற்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. உங்களுக்கு ஒருநாள் பதில் வரும் என்று இத்தனை காலமும் வாசல்வாசலாகச் சொல்லி வந்தவள் அவள்.

அன்று மதியம் நிலையத்து டாக்டர் ஹாடி அவளை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஹாடி பாஞ்சுல் நகரத்துக்காரி, வோலோஃப் இனம். ஊர் பேசுகிற மாண்டிங்கா மொழி அவளுக்குச் சந்தைக்குப் போய் வரப் போதும், கூட்டத்தில் பேசப் போதாது. அதனால் அவள் சொல்லச் சொல்ல டூசுதான் ஊருக்கு மாற்றிச் சொல்ல வேண்டும்.

"கரு தங்கினது பொம்பளைக்கே தெரியறதுக்கு முன்னாடி நடக்கிறதைச் சொல்றேன்" என்றாள் ஹாடி. "அப்ப அது மணல் பருக்கையைவிடச் சின்னது. கொடி கிடையாது, ஒண்ணும் கிடையாது. அம்மா உடம்புச் சாறுல என்ன கரைஞ்சிருக்கோ அதைத்தான் குடிக்குது. குடிச்சதுல ஒரு பங்கு அது உசிரோட இருக்கச் செலவாயிரும். இன்னொரு பங்கு சின்னச் சின்ன ஒட்டா மாறி மரபணு மேல போய் உக்காரும். எந்த மரபணு வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு அந்த ஒட்டு தீர்மானிக்கும். அப்ப உக்காந்தது, பிள்ளை வளந்து பெரியாளான பிறகும் அப்படியே இருக்கலாம்."

"அப்போ மழைக்காலத்துல தங்கினா ஒரு மாதிரி, வெயில்காலத்துல தங்கினா ஒரு மாதிரியா?"

"அதேதான். மழையில குதிர் காலியா இருக்கும், வயல் வேலை முதுகை ஒடிக்கும், ஆனா கீரை நிறைய. வெயில்ல அரிசி, கடலை இருக்கும், கீரை குறையும். மழையில தங்கின பிள்ளைங்களுக்குச் சில இடத்துல ஒட்டு கூடுதலா இருக்கு. நல்லதா கெட்டதான்னு நமக்கு இன்னும் தெரியாது."

ஒட்டு என்பதற்கு மாண்டிங்காவில் என்ன சொல்வது என்று இருவரும் தேடினார்கள். மாட்டின் காதில் வெட்டும் அடையாளக் குறிக்கு ஒரு சொல் உண்டு. அது எல்லோருக்கும் உடனே புரியும் என்று டூசு நினைத்தாள். பொருந்துமா என்று ஹாடி கேட்டாள். பொருந்தும் என்றாள் டூசு.

மறுநாள் இலவமரத்தடி மேடையைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. ஊர்த்தலைவர் நடுவில், ஆண்கள் மேடையில், பெண்கள் பாயில். டூசு நன்றாகத்தான் பேசினாள். மணல் பருக்கையைச் சொன்னாள். அது அம்மாவின் சாற்றைக் குடிப்பதைச் சொன்னாள். கீரையைச் சொன்னாள். குறியைச் சொன்னாள். கூட்டம் அப்படி அமைதியாகக் கேட்டு அவள் பார்த்ததில்லை. பிலிஜேகூட வாயைத் திறக்கவில்லை.

ஹாடி ஆங்கிலத்தில் கடைசியாக ஒன்று சொன்னாள். இந்தக் குறிகள் நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா, ஒன்றுமே செய்வதில்லையா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. அந்த நேரம் பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது. ஆண்கள் எழுந்து அங்கியைத் தட்டிக்கொண்டார்கள். டூசு வாயைத் திறந்தாள். எதிரே பிலிஜே அவளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி" என்றாள் டூசு.

கூட்டம் கலைந்தது.

முதலில் பிள்ளைகள்தான் ஆரம்பித்தார்கள். மழையில் தங்கினவன் யார் என்று விரல்விட்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ணுவது பள்ளிக்கூடத்தில் ஒரு விளையாட்டானது. டூசுவின் மகள் டீடா மழைக்கு முன்னால் மாம்பழக் காலத்தில் பிறந்தவள். அப்படியென்றால் தங்கியது முந்தின மழையில். அவள் ஒரு மத்தியானம் வந்து அம்மாவின் முன்னால் காதை நீட்டினாள்.

"எங்க வெட்டியிருக்கும்மா? எனக்குத் தெரியல."

"காதுல இல்லடி. உள்ள. கண்ணுக்குத் தெரியாது."

"அதனாலதான் எனக்கு மூச்சு இழுக்குதாம். பள்ளிக்கூடத்துல சீரா சொன்னா."

டீடாவுக்குக் குளிர்காற்றுப் பட்டால் நெஞ்சு இழுக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வந்த டூசு பாதியில் நிறுத்தினாள். சம்பந்தமில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்த வருடம் மழையில் அவள் என்ன தின்றாள்? பப்பரப்புளி மரத்து இலைக் குழம்பு, மரவள்ளி இலை, வீட்டில் எல்லோரும் உண்டபின் பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோறு. சதுப்பு வயலில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நட்டபோதே கரு உண்டாகியிருந்தது. அது அவளுக்கு அப்போது தெரியாது. ஊர்ப் பெண்களிடம் அவள் மாதாமாதம் கேட்ட கேள்விகள் இப்போது அவளையே கேட்டுக்கொண்டு நின்றன.

பெரியவர்கள் வாயில் பேச்சு வேறு உரு எடுத்தது. வெயில் பிள்ளை சுத்தம், மழைப்பிள்ளை குறிபட்டது என்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் எந்த மாதம் பிறந்தாள் என்று ஒருவர் விசாரித்ததாகக் கேள்வி. டூசு காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தாள். நாலு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

யாங்குபா டார்போவின் வளவில் யாரும் மறக்கவில்லை. யாங்குபா கடலை விவசாயி, இரண்டு மனைவிக்காரன். மூத்தவள் சார்ஜோவுக்கு மூன்று பையன்கள். இளையவள் நியாரா சாமாத்தே அப்போது கர்ப்பிணி, தலைப்பிரசவம். கரு தங்கியது நல்ல மழையில். நியாரா ரத்தம் கொடுக்கும்போதெல்லாம் ஊசியைப் பார்க்காமல் டூசுவின் முகத்தையே பார்ப்பவள். அதனால் அவள் மேல் டூசுவுக்குத் தனிப் பிரியம்.

ஒருநாள் யாங்குபா நிலையத்து வாசலில் வந்து காத்திருந்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தக் குறியக் கழுவ முடியுமா?"

"கழுவறதுக்கு அது அழுக்கு இல்லப்பா."

"பின்ன என்ன அது?"

டூசு ஏதோ சொன்னாள். எல்லாருக்கும் இருக்கும், பயப்படாதே என்ற மாதிரி. வேலைக்கு நேரமாகியிருந்தது. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

குளிர்காற்றுப் போய் வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில், எடை போட டார்போ வளவுக்குப் போனாள். நியாரா தராசில் ஏறவே தயங்கினாள். ஏறியபோது முள் போன மாதத்துக்குக் கீழே நின்றது. வயிற்றில் பிள்ளை வளர்கிறவளுக்கு எடை இறங்குவதாவது? டூசு அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்துப்போயிருந்தது.

"மாத்திரை போடுறியா இல்லையா?"

சார்ஜோ அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"அது எதுக்குப் போடணும்? கீரையில உள்ள சத்துதானே அந்த மாத்திரையிலயும்? நீதானே ஒருநாள் சொன்னே. கீரை தின்னாத்தானே குறி விழும்? அதையும் நீதானே சொன்னே."

"யார் சொன்னது கீரை திங்கக் கூடாதுன்னு?"

"ஓதித் தர்ற பெரியவர் சொன்னார்" என்றாள் நியாரா மெதுவாக. "பலகையில குர்ஆன் வசனம் எழுதிக் கழுவின தண்ணிய தினம் குடிக்கச் சொன்னார். பச்சையா எதையும் தொடக்கூடாதாம். தொட்டா பழைய குறி மேல புதுக் குறி ஏறிருமாம். வெறுஞ்சோறும் உப்பும்தான். அக்கா, இப்பக் கொஞ்சம் அழிஞ்சிருக்குமா?"

முருங்கை, புளிச்சக்கீரை, உலர்ந்த பப்பரப்புளி இலைப்பொடி என்று அந்த ஊரில் கர்ப்பிணிக்கு ரத்தம் ஊற என்னவெல்லாம் உண்டோ அத்தனையையும் இவள் மாதக்கணக்கில் தள்ளிவைத்திருக்கிறாள். அதுவும் தன்னுடைய பேச்சைக் கேட்டு.

"நியாரா, நான் சொன்னது அப்படி இல்லம்மா. குறி விழுந்தது ஆரம்பத்துல. இப்ப நீ கீரை தின்னாம இருக்கிறதுனால அது அழியாது. உனக்கு ரத்தம்தான் குறையும். அந்தக் குறி கெட்டதுன்னே யாரும் சொல்லல."

"நல்லதுன்னு சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு ஊரைக் கூட்டிச் சொன்னீங்க?" என்றாள் சார்ஜோ. அதில் குத்தல்கூட இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

டூசு நேராக டாக்டர் ஹாடியிடம் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஹாடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கடைசியில தெரியாதுன்னு சொன்னேனே, அதைச் சொன்னியா?" என்றாள்.

"இல்ல டாக்டர்."

"ஏன்?"

"தொழுகைக்குக் கூப்பிட்டுட்டாங்க." பிறகு, "அது மட்டும் இல்ல. வெக்கமா இருந்துச்சு. இத்தனை வருசம் ரத்தம் எடுத்துட்டு, தெரியாதுன்னு எப்படிச் சொல்றதுன்னு" என்றாள்.

ஹாடி திட்டவில்லை. திட்டியிருந்தால் டூசுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நானும் உன் வாயையே நம்பிட்டு நின்னேன். ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கணும்" என்றாள்.

நியாராவை வண்டியில் ஏற்றிச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். மாமியார் விடவில்லை. மறுபடியும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இந்த முறை பாதிப் பேர்தான் வந்தார்கள். யாங்குபா வந்திருந்தான். நியாராவை அழைத்து வரவில்லை.

டூசு எழுந்தாள்.

"போன தடவை டாக்டர் சொன்ன கடைசி வார்த்தைய நான் உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். அந்தக் குறி நல்லதா கெட்டதான்னு இவங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மழைப்பிள்ளைக்கும் இருக்கு, வெயில் பிள்ளைக்கும் இருக்கு. அளவுதான் வேற. குறைன்னு யாரும் சொல்லல. விட்டது என் தப்பு."

ஊர்த்தலைவர் கோலா கொட்டையை மென்றபடி சொன்னார். "அன்னிக்கு இருக்குன்னே. இன்னிக்குத் தெரியாதுங்கிறே. அடுத்த மாசம் என்ன சொல்வே?"

யாங்குபா எழுந்தான். "நீ விட்ட வார்த்தைய இப்ப நீ எடுத்துக்கிட்டே, சரி. என் பொண்டாட்டி மனசுக்குள்ள போனத யார் எடுப்பா?"

அப்போதுதான் பிலிஜே தன் கூட்டத்தோடு உள்ளே வந்தாள். வயிற்றில் ஒரு பெரிய சுரைக்குடுக்கையைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கொத்துக்கொத்தாக உருவி ஆடு மாதிரி மென்றுகொண்டே ஊர்த்தலைவரின் முன்னால் போய் நின்றாள்.

"தலைவரே, நீங்க எந்த மாசம் பொறந்தீங்க?"

"போடி அந்தப் பக்கம்."

"மாம்பழக் காலத்துலதான் பேர் வெச்சாங்கன்னு உங்க அத்தை சொல்லுவா. எண்ணிப் பாத்தேன். உங்கப்பன் மழைக்கு ஒதுங்கினப்போ தங்கினவர்தான் நீங்க. காதைக் காட்டுங்க, குறி இருக்கான்னு பாக்கலாம்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். பிலிஜே விடவில்லை. இமாமின் தம்பி, கடைக்காரர், தையல்காரர் என்று வரிசையாகக் காதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனாள். "இவனும் மழை. இதுவும் மழை. ஐயோ, இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு மழை வந்தா வேற வேலையே இல்ல போல." பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்களும் சிரித்தார்கள். கடைசியில் யாங்குபாவிடம் வந்து அவன் கையில் மிச்சமிருந்த கீரையைத் திணித்தாள். அவன் முகம் மாறவில்லை. ஆனால் கீரையைக் கீழே போடாமல் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

போகும்போது பிலிஜே டூசுவின் பக்கத்தில் நின்றாள். வேடிக்கை எல்லாம் முகத்திலிருந்து வடிந்திருந்தது.

"நான் புதைச்ச நாலுல மூணு வெயில் பிள்ளைங்க. அதைச் சொன்னா சிரிக்க மாட்டாங்க. அதான் சொல்லல."

நியாரா கீரை தின்ன ஆரம்பித்தாள். மாத்திரையும் போட்டாள். காலம் கடந்துவிட்டிருந்தது. மாதம் நிறையும் முன்பே, கொதிக்கும் வெயிலில், வலி வந்தது. சுகாதார நிலையத்துக்குப் போகும் வழியில் வண்டியிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. மற்றப் பெண்களாக இருந்தால் தாங்கக்கூடிய உதிரப்போக்குதான். நியாராவிடம் போக அவ்வளவு ரத்தம் இல்லை. கை வெளிறி, உதடு வெளிறி, கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லாமல் கிடந்தாள். சுகாதார நிலையம் போய்ச் சேர்ந்ததும் ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கூட வந்த டூசுவுடையது சேரவில்லை. யாங்குபாவுடையதும் சேரவில்லை. பின்னால் இன்னொரு வண்டியில் வந்து இறங்கிய சார்ஜோவுடையது சேர்ந்தது. அவள் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள்.

நியாரா பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்த அதற்குப் பெயர் வைக்க நெடுநாள் தயங்கினார்கள். பெயர் வைத்த அன்று ஊர் முழுவதையும் அழைத்தார்கள், டூசுவை அழைக்கவில்லை. அவள் வளவின் வேலிக்கு வெளியே நடந்து போகும்போது கம்பு மாவு உருண்டை பங்கிடும் சத்தம் கேட்டது. நிற்காமல் போனாள்.

கூட்டத்தில் பேசுகிற வேலை இனி வேண்டாம் என்று அவள் ஹாடியிடம் கேட்டுப் பார்த்தாள். "உன்னை விட்டா யார் இருக்கா?" என்றாள் ஹாடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் டூசு சொல்லப்போவதை முதலில் பிலிஜேயிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடானது. பிலிஜே கேட்டதைத் தன் பாணியில் திருப்பிச் சொல்வாள். அதில் தப்பு இருந்தால் திருத்துவார்கள். டீடாவுக்கு மூச்சு இழுப்பது நிற்கவில்லை. நிலையத்தில் சோதித்த அவளுடைய ரத்தத்தில் என்ன தெரிந்தது என்று சொல்லவா என ஹாடி ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டாள் டூசு. வேண்டாம் என்றது சரிதானா என்று பல நாள் யோசித்தாள்.

அடுத்த மழை தொடங்கி, சதுப்பு வயலில் நாற்று விட்டிருந்த சமயம், எடை போடும் நாளன்று நியாரா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் குழந்தையை அவிழ்த்து டூசுவிடம் நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை. டூசு குழந்தையைத் தராசில் மாட்டிய தூளியில் வைத்துத் தொங்கவிட்டாள். வயதுக்கு எடை குறைவுதான். போன தடவையைவிட ஏறியிருந்தது.

"இவ மேல அந்தக் குறி இருக்கா?" என்றாள் நியாரா.

"இருக்கும். என் பொண்ணு மேலயும் இருக்கு. என் மேலயும் இருக்கும்."

"அது இவள என்ன செய்யும்?"

"தெரியாது, நியாரா."

நியாரா குழந்தையை வாங்கி முதுகில் வைத்து, குனிந்து, துணியை இறுக்கி முடிந்தாள்.

"இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருக்கலாம், அக்கா."

டூசு எடையைக் குறித்துக்கொண்டாள். நியாரா நாற்று வயல் பக்கம் போகும் பாதையில் இறங்கி நடந்தாள். வரிசையில் அடுத்த பெண் தன் பிள்ளையைத் தூளிக்குள் இறக்கினாள்.